மழை ஆண்டின் ஆறு பாட்டில்கள்

முதல் நாள்: போர்தோ

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் மதியம் ரயில் ஏறினோம். இரண்டு மணி நேரம் சொச்சத்தில் போர்தோ வந்துவிட்டது. நானும் அத்தானும் மட்டும்தான். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தான் முப்பது வருஷமாகப் பாரிஸ்வாசி. அவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நிலவறை உண்டு. மற்றவர்கள் பழைய சைக்கிளும் பெட்டியும் போட்டு வைத்திருக்கும் இடத்தில் அத்தான் ஒயின் அடுக்கியிருக்கிறார். எந்த பாட்டில் எங்கே, எந்த மாதம் வாங்கியது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார்.

இந்தப் பயணம் அந்த நிலவறையில்தான் தொடங்கியது. போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, பாட்டிலைத் துணியால் சுற்றி மறைத்து எனக்கு ஒரு சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்தார். பெரிய கனம் இல்லை. ஆனால் நாக்கில் ஒரு தெளிவு இருந்தது. சிடார் மரப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம். அதன் பின்னால் புளிப்பான சிவப்புப் பழம். விழுங்கிய பிறகும் போகாத மெல்லிய துவர்ப்பு. "எந்த வருஷம்னு சொல்லு பாப்போம்" என்றார். திராட்சை விளைந்த வருஷத்தைக் கேட்கிறார். 2005 என்றேன். துணியை எடுத்தார். 2013.

போர்தோவின் சிவப்பு ஒயினில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு 2013 என்றாலே முகம் சுருங்கும். இந்த நூற்றாண்டில் அங்கே வாய்த்த மிகக் கடினமான ஆண்டுகளில் அது ஒன்று. விமர்சகர்கள் கைவிட்டார்கள், வாங்குபவர்கள் தாண்டிப் போனார்கள். அப்படிப்பட்ட ஆண்டிலிருந்து இப்படி ஒன்று எப்படி வந்தது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடித்தான் இந்த ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்திருக்கிறோம். முடிந்தால் ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்பதும் திட்டம்.

மாலையில் கரோன் ஆற்றங்கரையில் நடந்தோம். ஆறு பால் விட்ட தேநீர் நிறத்தில் வண்டலைச் சுமந்து போகிறது. பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே தரையில் விரல் கனத்துக்குத் தண்ணீர் பரப்பிய அந்தக் கண்ணாடித் தளத்தில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். குளிர் காற்று. நாளை காலை வடக்கே மேதோக் திராட்சைப் பகுதி.

இரண்டாம் நாள்: மேதோக்

வாடகைக் கார். போர்தோவிலிருந்து வடக்கே டி2 சாலை. மார்கோ, சான் ஜூலியான், போயாக், சாந்த் எஸ்தெஃப் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வலப்பக்கம் மரங்களுக்கு இடையில் அவ்வப்போது ஜிரோந்த் கழிமுகம் தெரிகிறது. கரோனும் தோர்தோஞ் ஆறும் கலந்து அகன்ற நீர் அது. பார்க்க ஆறு மாதிரியே இல்லை. திராட்சைக் கொடிகளில் இப்போதுதான் இலை விரிகிறது. கவாத்து செய்த கட்டையான கொடியின் மேல் இளம் பச்சைத் துளிர், உள்ளங்கை அளவுகூட இல்லை.

போயாக்குக்குத் தெற்கே ஒரு ஷாத்தோவில், அதாவது சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்யும் பண்ணையில், அத்தான் முன்பே கடிதம் எழுதி நேரம் வாங்கியிருந்தார். அந்த ராத்திரி நான் குடித்தது இவர்கள் ஒயின்தான். பெரிய பெயர் இல்லை. 1855-இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகக் கேட்டு வாங்கிய தரவரிசையில் கடைசிப் படியில் இருப்பவர்கள். நிலவறைப் பொறுப்பில் இருப்பவர் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியிருப்பார். ரப்பர் பூட்ஸோடு வந்தார். நாங்கள் 2013 பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்றதும் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு, "முதலில் மண்ணைப் பாருங்கள்" என்று தோட்டத்துக்குள் கூட்டிப் போனார்.

குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். மண் என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. சரளைக் கற்கள். கோழி முட்டை அளவு, புறா முட்டை அளவு, வெள்ளையும் தேன் நிறமுமாக. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு உருட்டி வந்து குவித்தவை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சதுப்பு நிலம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு நாட்டு ஆட்கள் வந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். அதன் பிறகுதான் இந்தச் சரளை மேடுகளில் கொடி பரவியது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். பகலில் குடித்த வெயிலைக் கல் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். பக்கத்திலேயே கழிமுகம் இருப்பதால் கடுங்குளிரும் கொஞ்சம் மட்டுப்படும். நல்ல ஆண்டில் இது கூடுதல் சலுகை. கெட்ட ஆண்டில் பிழைப்பதா போவதா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது.

பிறகு 2013-ஐச் சொன்னார். அத்தான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க நான் எழுதிக்கொண்டேன்.

வசந்தம் முழுக்கக் குளிரும் மழையும். பூ பூத்ததே தாமதம். ஜூனில் பூத்த நேரத்திலும் மழை. பூ உதிர்ந்துவிட்டது, பிஞ்சு பிடிக்கவில்லை. மெர்லோ என்ற திராட்சை வகையின் கொடிகளில் இது மிக மோசம். பாதி குலை வெறும் காம்பு. ஜூலையில் வெயில் அடித்தது, கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறுகளுக்கு நடுவே உள்ள ஆந்த்ர்-தூ-மேர் பகுதியை ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. மேதோக் அதில் தப்பித்தது. ஆனால் செப்டம்பரில் மழையும் புழுக்கமும் சேர்ந்து வந்தன. பழம் இன்னும் பழுக்கவில்லை, அதற்குள் சாம்பல் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது.

"காத்திருந்தால் அழுகும். பறித்தால் பச்சை. தினமும் காலையில் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் முடிவெடுத்தோம்" என்றார்.

அந்த வரியைச் சொல்லும்போது கையால் ஒரு குலையைத் தாங்குவது போலக் காட்டினார். அக்டோபர் தொடக்கத்தில் ஆட்களைத் திரட்டி சில நாட்களில் பறித்து முடித்தார்களாம். தரம் பிரிக்கும் மேசையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று ஒவ்வொரு பழமாகப் பொறுக்கினார்கள். ஒரே குலையில் இடப்பக்கம் நல்ல பழம், வலப்பக்கம் சாம்பல். எறிந்தது நிறைய. போர்தோ முழுவதற்குமே அந்த ஆண்டின் விளைச்சல், 1991 உறைபனிக்குப் பிறகு அதுவரை கண்டவற்றில் மிகக் குறைவு.

நான் தேடி வந்தது இதற்கு அடுத்து அவர் சொன்னதில் இருந்தது. பழம் கையில் வந்த பிறகு பலர் ஒரு தவறு செய்தார்கள் என்றார். 2009, 2010 இரண்டும் அபாரமான ஆண்டுகள், உலகமே வாங்கியது. அதே மாதிரி கறுத்த, கனமான ஒயினை 2013-லும் தர வேண்டும் என்று நினைத்தார்கள். நொதிக்கும் தொட்டியில் தோலை அதிக நேரம் ஊறவைத்து, சாற்றை மேலே இறைத்து இறைத்து ஊற்றி, நிறத்தையும் துவர்ப்பையும் உருவி எடுத்தார்கள். பழுக்காத தோலிலிருந்து வந்தது கசப்பு. அதை மறைக்கப் புது ஓக் பீப்பாய். குடித்தால் பலகையை நக்குவது போல. இவர்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். இறைப்பதைக் குறைத்தார்கள், தொட்டியின் சூட்டையும் குறைத்தார்கள். பிழிந்தெடுக்கும் கடைசிச் சாற்றைக் கிட்டத்தட்ட சேர்க்கவேயில்லை. புது பீப்பாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மெர்லோ இல்லாததால் கலவையில் கபெர்னே சோவிஞோன் என்ற இன்னொரு திராட்சை வகை கூடிவிட்டது. "அந்த ஆண்டு என்ன கொடுத்ததோ அதை மட்டும் வாங்கிக்கொண்டோம்" என்றார்.

நிலவறையில் 225 லிட்டர் பீப்பாய்கள் வரிசைகட்டி இருந்தன. ஒன்றிலிருந்து முந்நூறு பாட்டில் வரும். ஓரத்தில் ஒரு மேசை போட்டு 2010-ஐயும் 2013-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினார். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். 2010 நடுவில் கறுப்பு, ஓரம் வரை அடர்ந்த ஊதாச் சிவப்பு. 2013-இல் காகிதத்தில் எழுதியிருந்த என் கையெழுத்து ஒயினுக்குள்ளேயே தெரிந்தது. ஓரத்தில் செங்கல் நிறம் தட்ட ஆரம்பித்திருந்தது. முகர்ந்தால் முதலில் லேசாகக் குடைமிளகாய் வாசம். கபெர்னே முழுதாகப் பழுக்காவிட்டால் பைரஸீன் என்ற சேர்மம் தங்கிவிடும், அதன் மணம் அது. பல பேர் அதைக் குறை என்பார்கள். கிளாஸைச் சுழற்றி ஐந்து நிமிடம் விட்டால் அது பென்சில் சீவிய வாசமாக, ஈர இலையாக மாறுகிறது. 2010 வாயை இறுக்கிப் பிடித்தது. இன்னும் பத்து வருஷம் தூங்க வேண்டிய ஒயின். 2013 கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

2010 பெரிய ஒயின், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டையும் குடித்து முடித்தபோது நான் நின்றிருந்த அந்தச் சரளை மேட்டை எனக்குக் காட்டியது 2013தான். 2010-இல் சூரியன் முன்னால் வந்து நிற்கிறது. அது விலகிய ஆண்டில் இடமும் கையும் தெரிகின்றன.

மூன்றாம் நாள்: போர்தோ, பிறகு சாந்த் எமிலியோன்

காலை முழுக்க மழை. 2016-இல் திறந்த சித்தே தியூ வான் என்ற ஒயின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். டிகேன்டரில், அதாவது ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையில், சுழற்றினால் எப்படி இருக்குமோ அந்த வளைவில் கட்டியிருக்கிறார்கள். மேல்தளத்தில் நுழைவுச் சீட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் தருகிறார்கள். அங்கிருந்து பார்க்கும்போது ஆறு நகரத்தைச் சுற்றிப் பிறை போல வளைவது நன்றாகத் தெரிகிறது.

மழையைப் பார்த்துக்கொண்டே அத்தான் ஒரு விஷயம் சொன்னார். சிவப்புக்கு எமனாக வந்த அதே பூஞ்சைதான் 2013-இல் தெற்கே சோத்தேர்னில் இனிப்பு வெள்ளை ஒயினுக்கு வரமாக இருந்ததாம். அங்கே பழுத்த பழத்தை அது சுருக்கி, சர்க்கரையைத் திரட்டிக் கொடுக்கிறது. அதற்கு முந்தின 2012-இல் அங்கே பெயர்பெற்ற ஷாத்தோ தீக்கேம் தரம் போதவில்லை என்று ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. ஓர் ஆண்டைக் கெட்டது என்று மொத்தமாக முத்திரை குத்துபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாலையில் மழை விட்டது. சாந்த் எமிலியோனுக்குக் கீழே சமவெளியில் ஒரு திராட்சைக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்தோம். வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. வீட்டுக்காரர் அடிக்கடி வெளியே போய் வந்துகொண்டிருந்தார். இரவு சாப்பாட்டின்போதும் கைபேசியில் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்: உறைபனி

அதிகாலை மூன்றரைக்கு வண்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் முழுக்கச் சின்னச் சின்னத் தீ.

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்கிப் போனோம். வரிசைகளுக்கு இடையில் பெயிண்ட் டப்பா அளவு மெழுகு வாளிகளை வைத்து ஏற்றியிருந்தார்கள். ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு நானூறு வேண்டுமாம். வீட்டுக்காரர், அவர் மகன், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேரும் பேச்சே இல்லாமல் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கொடியில் தொங்கிய வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று காட்டியது. இரண்டைத் தாண்டினால் இந்தத் துளிர் கருகும். மழை பெய்து நனைந்த துளிருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அத்தான் கேட்காமலே ஒரு பந்தத்தை வாங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துவிட்டார். நான் அணைந்த வாளிகளைக் காட்டிக் கொடுத்தேன். மெழுகுப் புகை தொண்டையில் கரித்தது. தீயின் பக்கம் இருந்த துளிரை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, மெத்தென்று, உயிரோடு இருந்தது.

ஏழு மணி தாண்டி வெயில் வந்தது. இந்த முறை பிழைத்தது.

காப்பி குடிக்கும்போது வீட்டுக்காரர் 2017-ஐ நினைவுகூர்ந்தார். ஏப்ரல் கடைசியில் அடுத்தடுத்து வந்த உறைபனி. போர்தோ அந்த ஆண்டு ஏறத்தாழ 40 சதவீத விளைச்சலை இழந்தது. இவருடைய சமவெளியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கழிமுகத்தைப் பார்த்து நிற்கும் மேதோக்கின் பெரிய தோட்டங்கள் பல கிட்டத்தட்ட சேதமில்லாமல் தப்பின. "நல்ல கொடி ஆற்றைப் பார்க்கும்" என்று மேதோக்கில் ஒரு சொலவடை உண்டு. அதை அவர் சொன்னபோது குரலில் பொறாமை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பகலில் பொமெரோல் போனோம். ஊர் என்று சொல்ல ஒரு தேவாலயமும் சில வீடுகளும்தான். 1956 பிப்ரவரியில் வந்த குளிர் இங்கே கொடிகளைக் கூட்டமாகக் கொன்றது. பலரும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். பெத்ரூஸ் தோட்டத்தை அப்போது வைத்திருந்த மதாம் லூபா பிடுங்கவில்லை. செத்த பகுதியை வெட்டிவிட்டு, பழைய வேரிலிருந்தே துளிர்க்க வைத்தார். அதே பெத்ரூஸ் 1991 உறைபனி ஆண்டில் ஒயினே வெளியிடவில்லை. பக்கத்தில் இருக்கும் லெ பேன் 2003-இன் அனல் வெயிலில் கருகிய பழத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டு வேண்டாம் என்று விட்டது. கெட்ட ஆண்டு என்றால் மழை மட்டும் இல்லை.

சேகரிப்பவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வீடு ஒரு கடினமான ஆண்டில் ஒயினை வெளியிட்டால், அதை எடுத்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள்: ஷார்த்ரோன்

போர்தோவின் பழைய ஒயின் வணிகர் பேட்டை. ஆற்றை ஒட்டி நீள நீளமான கல் கிடங்குகள். ஷாத்தோவில் 2013 தீர்ந்துவிட்டது. இங்கே ஒரு வணிகரிடம் ஆறு பாட்டில் கொண்ட மரப்பெட்டி இருப்பதாக நிலவறைப் பொறுப்பில் இருந்த அந்த அம்மாதான் சொல்லி அனுப்பினார்.

எனக்கு இதில் ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. அந்தக் குளிர்கால ராத்திரிக்குப் பிறகு ஆசை தாங்காமல் இதே 2013-இல் மூன்று பாட்டில் வேறொரு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினேன். விலை குறைவு. எங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தபோது ஒன்றில் தக்கை விளிம்புக்கு மேல் தள்ளிக்கொண்டு நின்றது; உறைக்குக் கீழே பிசுபிசுவென்று ஒழுகிய தடம். மூன்றுமே வேகவைத்த பழக்கூழ் மாதிரி இருந்தன. எங்கோ சூட்டில் கிடந்திருக்கின்றன. மெலிந்த ஆண்டின் ஒயினுக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் உடம்பு இல்லை. 2010 ஒருவேளை தாக்குப்பிடித்திருக்கும்.

இந்த முறை அத்தான் எல்லாவற்றையும் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குக்கு எதிரே தூக்கினார். ஒயின் மட்டம் ஆறிலும் கழுத்துக்குள்ளேயே இருந்தது. தோளுக்கு இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று போயிருக்கிறது என்று பொருள். உறையைத் திருகிப் பார்த்தார், சுழன்றது. ஒழுகி ஒட்டிக்கொண்டால் சுழலாது. ஷாத்தோவிலிருந்து நேராக இந்தக் கிடங்குக்குத்தான் வந்தது என்பதற்கான ரசீதைக் கேட்டார். கிடங்கில் 13 டிகிரி. எங்கள் ஷாத்தோவின் 2010-க்கு இவர்கள் கேட்கும் விலையில் பாதிகூட இல்லை. வாங்கிவிட்டோம்.

வணிகர் பேச்சுவாக்கில் இன்னொரு பாட்டிலைக் காட்டினார். மூத்தோன் ரோத்ஷீல்ட் 1973. அதுவும் சுமாரான ஆண்டுதான். ஆனால் அந்த ஆண்டில்தான் மூத்தோன் அந்த 1855 தரவரிசையில் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. ஆணையில் கையெழுத்திட்டவர் அன்று விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக். லேபிளில் அதே ஆண்டு மறைந்த பிக்காஸோவின் ஓவியம். இதை வாங்குபவர்கள் லேபிளுக்காக வாங்குகிறார்கள், திறப்பதில்லை. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது திறக்க.

அறைக்கு வந்து ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்தோம். நியாயமாக ஒரு நாள் நிற்க வேண்டும், மண்டி கீழே இறங்க. மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. டிகேன்டரில் மணிக்கணக்காக விடுவது 2010-க்குச் சரி. இதற்கு அவ்வளவு காற்று கொடுத்தால் மணம் பறந்துவிடும் என்று அத்தான் பாட்டிலிலிருந்தே, கை நடுங்காமல், கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு ஊற்றினார். 16 டிகிரி இருக்கும். அறைச் சூட்டில் வைத்தால் புளிப்பும் சாராயமும் பிரிந்து நிற்கும்.

ஏழு மணிக்குக் குடைமிளகாய். ஏழேகாலுக்கு அது போய்விட்டது. ஏழரைக்கு சிடார் வந்தது, அதோடு ராஸ்பெரியும். எட்டு மணிக்குக் காய்ந்த ரோஜா இதழ் மாதிரி ஒன்று, பத்து நிமிடம்தான் இருந்தது. எட்டரைக்கு மேல் மெல்ல இறங்கியது. பெரிய ஒயின் விடிய விடியப் பேசும். இது ஒன்றரை மணி நேரம் பேசியது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் வேறெதுவும் பேசவில்லை.

"மிச்சம் அஞ்சு இருக்கு, எப்போ குடிக்கறது அத்தான்?" என்றேன்.

"இது இப்ப நல்லா இருக்கு. இன்னும் நாலு வருஷம், அஞ்சு வருஷம். அதுக்கு மேல வெச்சுப் பாக்காத தம்பி. இருபது வருஷம் வெக்கணும்னா அதுக்கு 2010 இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு திற."

நோட்டில் எழுதினார்: 2013, ஷார்த்ரோன், ஐந்து, மட்டம் கழுத்து. படுக்கை வரிசை மூன்று.

காலையில் எழுந்தபோது ராத்திரி கழுவாமல் விட்ட கிளாஸ் ஜன்னலோரம் இருந்தது. அடியில் ஒரு சொட்டு காய்ந்து கறையாகியிருந்தது. எடுத்து முகர்ந்தேன். சிடார் இன்னும் இருந்தது. அத்தானிடம் நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, கழுவாமலே திரும்ப அதே இடத்தில் வைத்தார். பத்து மணிக்கு ரயில்.